காற்றுச் சுரங்கமும் கைவிலங்கும்

விஞ்ஞானம் எவர் பக்கமும் சாராதது, காற்றுச் சுரங்கம் வெறுங் கருவியே என்று கூறுவாருளர். அச்சுரங்கம் எந்நாட்டில் உளது என்பதை முதலிற் கேட்டறிந்து, பின்னரே அது சமாதானத்துக்குரியதா யுத்தத்துக்குரியதா எனத் தீர்ப்பளிப்பாரும் நம்மிடையே உளர். முன்னவர் விஞ்ஞானத்தைச் சமுதாயத்தினின்றும் பிரிக்கின்றனர். பின்னவரோ முற்போக்காளர் என்ற பெயரைத் தாங்கிக்கொண்டே, கொடியின் நிறத்தைக் கொள்கையென மயங்குகின்றனர். இரு சாராரும் காண மறுக்கும் உண்மை ஒன்றுண்டு. ஒலியினும் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேகத்திற் பறத்தலைப் பற்றிய அறிவு பல நாட்டு உழைப்பால் வளர்ந்தது. அதனைப் பூட்டி வைப்பதிலும், பகிர்ந்தவனைத் தண்டிப்பதிலும் வல்லரசுகள் யாவும் ஓரணியிலேயே நிற்கின்றன.

காற்றுச் சுரங்கத்தில் விமானம் பறப்பதில்லை. அதன் மாதிரி அசையாது நிற்க, காற்றே அதன்மீது பாய்கின்றது. அத்தகைய பெருவேகத்தை அடையும்பொருட்டு விரிந்து பாயும் காற்று, திரவமாகிவிடுமளவுக்குக் குளிர்ந்துபோகும். ஆகவே அதனை முன்னரே கடுமையாகச் சூடாக்க வேண்டும். இதற்கு வேண்டிய சக்தி மிகப் பெரிதாதலால், பல சுரங்கங்களில் இக்காற்று வீசுவது கண்ணிமைக்கும் பொழுதே. 2012இல் பீக்கிங்கில் நிறைவுற்ற ஜே.எஃப்.-12 என்னும் சுரங்கத்தில் அது ஒரு செக்கனின் பத்திலொரு பங்களவு நீடிப்பதே சாதனையாகப் பேசப்பட்டது. அச்சிறு கணத்தின் பின்னே கணித அறிஞன் மட்டுமல்லன், உருக்கைக் கடைந்தவனும், மின்சுற்றைப் பூட்டியவனும், வரி செலுத்திய கோடிக்கணக்கான மக்களும் நிற்கின்றனர்.

ஆயினும் இச்சுரங்கங்களின் உரிமையாளர் யாவர்? ஹிட்லரின் ஜேர்மனியில், பீனெமுண்டேயிலிருந்த சுரங்கம் வி-2 ரொக்கெட்டின் வடிவத்தைச் சோதித்தது. அந்த ரொக்கெட்டைச் செய்வதற்காக டோரா முகாமில் அடைக்கப்பட்ட கைதிகள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். 1943 ஆகஸ்டில் பீனெமுண்டே குண்டுவீச்சுக்கு உள்ளானபின் அச்சுரங்கம் பவேரியாவின் கோகெல் என்னுமூருக்கு மாற்றப்பட்டது. யுத்தம் முடிந்ததும் வென்றவர்கள் அதனை உடைத்தெறிந்தனரோ? இல்லை. பெயர்த்தெடுத்துச் சென்று, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், கடற்படையின் ஆய்வுகூடத்தில் நிறுவினர். பாசிசத்தை வீழ்த்தியோர் அதன் கருவியை மட்டும் பத்திரமாகத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர்!

அறிவு குற்றவாளியன்று. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஜூலியன் அலன் ஓர் உண்மையைக் கணக்கிட்டுக் காட்டினார். கூர்முனைக் கலத்தைப் பெருவெப்பம் நேரே தாக்கும். மொட்டை முகங் கொண்ட கலமோ அதிர்ச்சியலையைத் தனக்கு முன்னே தள்ளி, வெப்பத்தின் பெரும்பகுதியைக் காற்றோடு போக்கிவிடும். அணுகுண்டு எரிந்துபோகாமல் நகரத்தின்மேல் விழுவதெவ்வாறு என்பதே அன்று கேட்கப்பட்ட கேள்வி. விடையும் சில ஆண்டுகள் இரகசியமாகவே இருந்தது. ஆனால் 1962இல் பூமியை வலம்வந்த ஜோன் கிளென் உயிரோடு மீண்டது அதே மொட்டை முகத்தின் காவலில் அன்றோ! கேள்வி கேட்டவன் கொலையை நாடினான். இயற்கை தந்த விடையோ உயிரைக் காக்கவும் உதவிற்று.

இனி, அறிவைச் சுமந்தோரின் கதியைப் பார்ப்போம். இப்பெருவேகத்தைக் குறிக்கும் சொல்லையே 1946இல் தம் ஆய்வுக்கட்டுரையால் நிலைநாட்டியவர் சியான் சுவேசென். கலிபோர்ணியாவிற் கற்று, அமெரிக்க அரசுக்கே உழைத்த சீனர் அவர். 1950இல் அவர் கம்யூனிஸ்ட் எனக் குற்றஞ் சாட்டப்பட்டார், சிறையில் வைக்கப்பட்டார், பின்னர் ஐந்தாண்டுகள் கண்காணிப்பில் வாடினார். 1955இல் தாயகம் திரும்பி, பீக்கிங்கில் விசையியல் நிறுவனத்தை நிறுவினார். மேலே கூறிய ஜே.எஃப்.-12 அந்நிறுவனத்தின் படைப்பே.

இதைக் கேட்டு நம் நண்பர் சிலர் கைதட்டக்கூடும். சற்றுப் பொறுங்கள். அதே சீனம் 2019 அக்டோபர் முதலாந் திகதி அணிவகுப்பில் இப்பெருவேக ஏவுகணைகளை வீதியில் இழுத்துச் சென்று காட்டியது. 2022 மார்ச்சில் உக்ரேன்மீது இவ்வகை ஏவுகணையைச் செலுத்தியதாக ருஷ்யாவே பறைசாற்றியது. அவ்வாண்டிலேயே நோவோசிபிர்ஸ்கில், இத்துறையில் வாழ்நாளைச் செலவிட்ட அனத்தோலி மஸ்லோவும் அலெக்சாந்தர் ஷிப்லியுக்கும் தேசத்துரோகக் குற்றச்சாட்டிற் கைதாகினர். அடுத்த ஆண்டு வலேரி ஸ்வெகின்த்சேவும் கைதானார். 2024இல், மூடிய கதவுகளுக்குப் பின்னே நடந்த விசாரணைகளின் முடிவில், 77 வயதான மஸ்லோவுக்கு 14 ஆண்டும் ஷிப்லியுக்குக்கு 15 ஆண்டும் சிறை. தாம் பகிர்ந்தவை யாவும் முன்னரே பகிரங்கமாயிருந்தவை என்றார் ஷிப்லியுக். அவ்வாய்வுரைகள் இரகசியம் எதனையும் கொண்டவையல்ல என முன்கூட்டியே பரிசீலிக்கப்பட்டவை என்று 2023 மேயில் சக ஊழியர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினர். இன்று பாராட்டப்படும் கட்டுரை நாளை குற்றமாகுமெனின் எவ்வாறு ஆராய்ச்சி செய்வது என்பதே அவர்களின் கேள்வி.

1950இன் அமெரிக்காவுக்கும் 2022இன் ருஷ்யாவுக்கும் இடையில் நாம் காணும் வேற்றுமைதான் யாது? முன்னதைக் கண்டித்துப் பின்னதைக் கண்டுங் காணாதிருப்பது நேர்மையாகுமா?

நாட்டின் பாதுகாப்புக்கு இரகசியம் இன்றியமையாததென்பர். வாஷிங்டன் பூட்டியதனால் பீக்கிங்குக்கு எது கிட்டாது போயிற்று? காற்றின் விதிகள் மொஸ்கோவில் ஒன்றும் வாஷிங்டனில் வேறொன்றுமாக இல்லை. பொறுமையோடு வினவும் எவருக்கும் இயற்கை அவற்றைச் சொல்லும். பூட்டின் உண்மைப் பயன், தம் பணம் எதற்குச் செலவாகிறது என்பதைச் சொந்த மக்களே அறியாதிருக்கச் செய்வதுதான்.

ஆகவே நாம் கோர வேண்டியவை தெளிவானவை. ஆய்வைப் பகிர்ந்தமைக்காகச் சிறைப்பட்டோர் எந்நாட்டவராயினும் விடுதலை பெறவேண்டும். காற்றின் விதிகளைப் பற்றிய அறிவு உலகின் பொதுச்சொத்தாக வேண்டும். தடைசெய்யப்பட வேண்டியவை ஏவுகணைகளே; ஆய்வுரைகள் அல்ல. ஆசிரியரே, மாணவ நண்பரே! அதிர்ச்சியலையின் இலக்கணத்தை வகுப்பறையில் விளக்குகையில், அச்சுரங்கத்தின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்போமாக.