குன்று யாருக்குச் சொந்தம்?

கோல்ப் என்றாலே செல்வந்தர்களின் விளையாட்டு என்பது நம்மவர் பலரது எண்ணம். ஸ்கொட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பிரெய்ட் குன்றுகளுக்குச் சென்றபோது அவ்வெண்ணம் எவ்வளவு குறுகியது என்பது புலனாயிற்று. மஞ்சள் பூக்கள் செறிந்த முட்புதர்களுக்கு நடுவே ஏறியிறங்கும் புற்றரைகள். வடக்கே நகரின் கோட்டை. அதற்கும் அப்பால் போர்த் கழிமுகத்தின் நீலம். வேறு நாடாயின் இத்தகைய இடத்தை உல்லாச விடுதிகள் எப்போதோ வளைத்துப் போட்டிருக்கும்.

இங்கு அவ்வாறு நிகழவில்லை. நகருக்குள்ளிருந்த புரூன்ட்ஸ்பீல்ட் திடலில் நெரிசல் மிகுந்ததால், 1889இல் நகரசபையே இக்குன்றுகளை வாங்கிப் பொதுமக்களுக்கான கோல்ப் மைதானத்தை அமைத்தது. கழக அங்கத்துவம் இல்லாதவரும் கட்டணம் செலுத்தி ஆடலாம். மட்டையைத் தொட்டறியாதவரும் அங்கே அந்நியரல்லர். ஆட்டத்துக்கு இடையூறு செய்யாமலும், குழியைச் சூழ்ந்த பராமரிக்கப்பட்ட புற்பரப்பை மிதிக்காமலும் கோல்ப் மைதானங்களைக் கடந்து செல்லும் உரிமையை 2003ஆம் ஆண்டின் ஸ்கொட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் எல்லோருக்கும் வழங்கியுள்ளது.

அதே 1889இல்தான் நமது நுவரெலியாவிலும் கோல்ப் கழகம் நிறுவப்பட்டது. அதுவும் கண்ணுக்கினிய புற்றரைதான். ஆனால், அம்மலைகளைத் தம் உழைப்பால் செழிக்கச் செய்த தோட்டத் தொழிலாளரின் பரம்பரையினர் பலருக்கு, வீடு கட்டிக்கொள்ளச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இன்னும் வாய்க்கவில்லை.

மைதானங்களை மூடவேண்டும் என்பதல்ல என் வாதம். ஸ்கொட்லாந்தின் விளையாட்டை ஆங்கிலேயர் ஆட்சி நமக்குத் தந்து சென்றது. நிலம் பொதுமக்களுக்கும் உரியது என்ற அந்நாட்டின் சிந்தனையை நாமாகத்தான் தேடிப் பெறவேண்டும்.