கவுந்தியடிகள் ஏன் குளத்தில் இறங்கவில்லை?

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையை வகுப்பில் நடத்தும்போது, மாங்காட்டு மறையோன் மதுரைக்கு வழி சொல்லும் பகுதியைச் சற்று விரைந்து கடந்துவிடுவது நம் வழக்கம். தேர்வில் அங்கிருந்து பெரிய வினா வருவதில்லை என்பது ஒரு காரணம். வழி சொல்வதில் என்ன சுவை இருந்துவிடப் போகிறது என்ற அலட்சியம் மற்றொன்று. இவ்வாண்டு அப்படிக் கடக்க முடியவில்லை. கோடை விடுமுறையில் பாங்காக்குக்கும் பட்டாயாவுக்கும் போய்த் திரும்பியிருந்தோம்.

நான்கு குடும்பங்கள், பதினான்கு பேர், ஐந்து இரவுகள். மூன்று குடும்பங்கள் ஆசிரியர்களுடையவை. நான்காவது எங்கள் கல்லூரி அலுவலகத்தில் உதவியாளராக இருக்கும் நண்பருடையது. அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். இரண்டாண்டுகள் சீட்டுக் கட்டி எடுத்த பணத்தில் வந்தவர். விமானக் கட்டணத்தைத் தனியே விசாரித்துப் பார்த்த சக ஆசிரியர் ஒருவர், மீதித் தொகையில் விடுதி, வண்டி, இருவேளை இந்தியச் சாப்பாடு எல்லாம் எப்படிக் கட்டுபடியாகும் என்று புறப்படுமுன்பே கேட்டார். கேட்டவரை நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாயடைத்தோம். மலிவாகக் கிடைப்பதைக் கேள்வி கேட்பவன் நல்ல சகுனமாகக் கருதப்படுவதில்லை.

அந்தக் கேள்விக்கான விடை சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து பட்டாயா செல்லும் இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்திலேயே கைக்கு வந்தது. இரவெல்லாம் உறங்காமல் வந்த கூட்டம். சென்னையிலிருந்து உடன் வந்த மேலாளர் ஒலிபெருக்கியை எடுத்து, 'விருப்பச் சுற்றுலாக்கள்' என்று தலைப்பிட்ட தாள் ஒன்றை வரிசையாக வழங்கினார். பவழத் தீவில் பாராசூட்டில் பறத்தல், கடலடியில் நடத்தல், இரவுக் காட்சி, படகு விருந்து. ஒன்று ஆளுக்கு 1,500 பாட். அன்றைய மாற்று விலையில் 3,500 ரூபாய்க்கு மேல். மற்றவை சற்று முன்பின்னாக. விடுதியை அடைவதற்குள் குறியிட்டுத் தந்துவிட வேண்டும், பிறகு இடம் கிடைக்காது என்றார். 'அனைத்தும் அடங்கும்' என்று விளம்பரத்தில் கண்ட சொல் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

அலுவலக நண்பர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் அருகில் வந்து நின்று, "எல்லாரும் போறாங்க சார், நீங்க மட்டும் பிள்ளைகளோட கரையில உக்காந்திருப்பீங்களா?" என்றார். குரலில் அன்பு ததும்பியது. அந்த அன்பை மறுக்க நண்பருக்குத் தெரியவில்லை. பின் இருக்கையிலிருந்து நாங்கள் சொன்னோம்: "விடுங்க, போன இடத்துல இதையெல்லாம் கணக்குப் பாக்கக் கூடாது." அவர் நான்கு பேருக்கும் நான்கு இனங்களிலும் குறியிட்டார். மொத்தத்தில் ஏறத்தாழ 20,000 பாட். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கென்று ஒதுக்கி, அவசரத்துக்கு இருக்கட்டுமென்று உடன் கொண்டுவந்த பணம் அது என்பது ஜூன் மாதத்தில், அவர் கூட்டுறவுச் சங்கக் கடன் விண்ணப்பத்துக்கு எங்களிடம் பிணைக் கையெழுத்துக் கேட்டு வந்தபோதுதான் தெரிந்தது.

இக்கட்டுரையில் மேலாளரைத் திட்டுவது எளிது. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னது மேலாளர் அல்லர், நாங்கள்.

இந்த வணிகத்தின் அமைப்பை விளங்கிக்கொண்டால் கோபம் சரியான திசையில் செல்லும். அனுப்பும் ஊரில் உள்ள முகவர், பயணியைக் கவர்வதற்காக அடக்கவிலைக்கும் கீழே விற்கிறார். சென்று சேரும் ஊரில் உள்ள நிறுவனம் அந்தக் கூட்டத்தைச் செலவுக்கும் போதாத தொகைக்கு, சில வேளை ஒன்றுமே பெறாமல், ஏற்றுக்கொள்கிறது. குறைந்த தொகையைக் கடைகளின் தரகும் விருப்பச் சுற்றுலாக்களின் இலாபமும் ஈடுகட்ட வேண்டும். வழிகாட்டிக்குச் சம்பளம் சொற்பம், அல்லது இல்லை. அவர் வயிறு நம் பணப்பையைப் பார்த்தே இருக்கிறது. சீனப் பயணிகளை வைத்துப் பெருகிய இம்முறைக்குச் 'சுழிய டாலர்ச் சுற்றுலா' என்றே பெயர் ஏற்பட்டது. நாம் வாடிக்கையாளர் என்று எண்ணிக்கொண்டு பேருந்தில் ஏறுகிறோம். ஏறியது சரக்கு. வாடிக்கையாளர் அந்த நகைக்கடைக்காரர்.

இதை ஏதோ மனக்கசப்பில் எழுதுவதாகக் கொள்ள வேண்டாம். 2010இல் ஹாங்காங்கில், பொருள் வாங்காத சீனப் பயணிகளை ஒரு வழிகாட்டி பேருந்துக்குள் வசைபாடிய காணொளி வெளிவந்து பெரும் கொந்தளிப்பை உண்டாக்கிற்று. நியாயமற்ற மலிவு விலையில் கூட்டம் சேர்ப்பதையும், குறித்த கடைகளுக்கு அழைத்துச் சென்றும் கூடுதல் கட்டணச் சுற்றுகளை விற்றும் தரகு பெறுவதையும் சீனாவின் சுற்றுலாச் சட்டம் 2013 அக்டோபர் 1 முதல் தடைசெய்தது. 2015 அக்டோபரில் ஹாங்காங்கின் ஹுங் ஹாம் பகுதியில், நகைக்கடையில் வாங்குவதுபற்றி எழுந்த சச்சரவில் குறுக்கிட்ட ஒரு பயணி தாக்கப்பட்டு, மறுநாள் இறந்துபோனார். 2016இல் தாய்லாந்து அரசே இத்தகைய நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்துப் பேருந்துகளைக் கைப்பற்றியது. நம்மூர் விளம்பரத் தாள்களுக்கு மட்டும் இச்செய்திகள் எட்டவில்லை போலும்.

மூன்றாம் நாள் நகைக்கடை. நிகழ்ச்சி நிரலில் அதற்கு 'ரத்தினக் கண்காட்சி' என்று பெயர். கல் பூமிக்குள் எப்படிப் பிறக்கிறது என்று ஒரு படம் காட்டினார்கள். பிறகு கதவு திறந்தது. உள்ளே குடும்பத்துக்கு ஒரு விற்பனையாளர். சிலருக்கு இந்தி தெரிந்திருந்தது, ஒரு பெண்ணுக்கு 'அக்கா வாங்க' என்னுமளவு தமிழும். வந்த வழியே திரும்ப முடியாது, மறுகோடியில்தான் வெளிவாசல். அங்கே செலவிட்டது ஒன்றரை மணி நேரம். மறுநாள் பாங்காக்கில் சாய்ந்த புத்தர் உறங்கும் வாட் போ கோயிலில் எங்களுக்கு ஒதுக்கப்பட்டது முப்பத்தைந்து நிமிடம். 46 மீட்டர் நீளமுள்ள அத்திருவுருவத்தைத் தலையிலிருந்து பாதம்வரை ஒருமுறை நடந்து பார்த்து, உள்ளங்கால்களில் முத்துச்சிப்பி பதித்த சித்திரங்களுக்கு முன்னால் நிற்கப்போகும் வேளையில் விசில் ஊதிவிட்டார்கள். இந்த ஒரு கணக்கே போதும். யாருக்காக அந்த நிரல் வகுக்கப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எங்களில் ஒருவர் வீட்டம்மா நீலக்கல் மோதிரம் வாங்கினார். ஊர் திரும்பியதும் பொற்கொல்லரிடம் காட்டினோம். கல் போலி அன்று, சூடேற்றி நிறம் கூட்டியது, கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு தேறும் என்றார். ஆக, ஏமாற்று என்று வழக்காடவும் வழியில்லை. பாங்காக்கின் அரண்மனை வாயிலில் 'இன்று மூடியிருக்கிறது' என்று பொய் சொல்லி, மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக் கல் விற்கும் கடையில் இறக்கும் பழைய தந்திரம் உலகப் பிரசித்தம். அதற்கெதிராக அங்கேயே எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள். தெருவில் நிகழும்போது அதை மோசடி என்று ஒப்புக்கொள்ளும் நாம், குளிரூட்டிய பேருந்தில் நிரலுக்குள்ளேயே அழைத்துச் சென்றால் சுற்றுலா என்கிறோம்.

நம் பயணக் கட்டுரைகளையும் சொல்ல வேண்டும். இதழ்களில் வரும் தாய்லாந்துக் கட்டுரைகளில் இந்த ரத்தினக் கடையும் ஓர் அதிசயமாக, அரண்மனைக்கு அடுத்த பத்தியில், எத்தனை மாடி, எத்தனை ஊழியர் என்ற விவரங்களோடு இடம்பெறுவதைப் படித்திருக்கிறோம். எழுதியவர் அங்கே அழைத்துச் செல்லப்பட்டாரா, தாமாகச் சென்றாரா என்ற சொல் ஒன்றுகூட இராது. பத்துப்பாட்டில் சரிபாதியை ஆற்றுப்படைகளாக வைத்திருக்கும் மொழியில் இப்படி எழுதுகிறோம். மலைபடுகடாத்தில் கூத்தருக்கு வழி சொல்பவன் நன்னனின் கொடையை மட்டுமா சொல்கிறான்? பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பாம்பு இருக்கும் குழிகள் உண்டு, வழுக்கும் இடமுண்டு, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும், பார்த்துப் போ என்கிறான். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்குச் சொல்லும் சொல் அது; இடையில் தரகு இல்லை. வழியிலுள்ள ஆபத்தைச் சொல்பவனே வழிகாட்டி என்ற இலக்கணத்தை நாம் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம், அவ்வளவே.

'பாவம், வழிகாட்டிகள் ஏழைகள்; பிழைத்துப் போகட்டுமே' என்பது நல்ல மனத்திலிருந்து வரும் வாதம். எங்களுடன் வந்த தாய்லாந்துப் பெண் உண்மையில் பரிதாபத்துக்குரியவர். அந்நாட்டில் வழிகாட்டித் தொழில் அந்நாட்டவர்க்கே உரியது, அதற்கு உரிமம் வேண்டும். அவர் உரிம அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார். படித்தவர், வரலாறு அறிந்தவர். வாட் போவில் அவர் பேசத் தொடங்கியபோது முகமே மாறிற்று. அந்த முகத்தைப் பார்க்க முப்பத்தைந்து நிமிடம்தான் எங்களுக்கு அனுமதி. அவருக்கு நியாயமான கூலி கிடைக்க வேண்டுமென்றால் அதைப் பயண விலையிலேயே சேர்த்துக் கொடுப்பதுதான் முறை. நண்பரின் மகளுடைய கட்டணத்திலிருந்து அது போக வேண்டியதில்லை. மேலும், 1,500 பாட்டில் எத்தனை அந்தப் பெண்ணின் கையில் நின்றிருக்கும்?

பவழத் தீவு என்று விற்கப்படும் கோ லான் பட்டாயாவிலிருந்து ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். பாலிஹாய் துறையிலிருந்து பொதுப் படகு செல்கிறது. நாங்கள் போனபோது கட்டணம் 30 பாட், முக்கால் மணி நேரப் பயணம். இதை நாங்கள் அறிந்தது கடைசி நாளில், விடுதி வாசலில் பழம் விற்றவரிடமிருந்து. முன்னமே தெரிந்திருந்தால் பிள்ளைகள் அதே கடலில் அதே மணலில் விளையாடியிருப்பார்கள். பேருந்தில் வைத்து எதற்கும் குறியிடாமல் "நாளை சொல்கிறோம்" என்று சொல்லியிருக்கலாம்; இடம் தீர்ந்துவிடும் என்றது பொய், மறுநாள் காலையிலும் ஆள் சேர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கடைக்குள் போக மறுத்து வெளியே நிற்கலாம். முகம் சுளிப்பார்கள், வேறொன்றும் செய்துவிட முடியாது. மிரட்டினால் 1155 என்ற எண்ணில் சுற்றுலாக் காவல்துறை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்பாக, பணம் கட்டுமுன் சென்னையிலேயே முகவரிடம், எந்தெந்தக் கடை, எவ்வளவு நேரம், எந்தெந்த நுழைவுக் கட்டணம் சேர்ந்தது என்று எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். வாயடைக்கப்பட்ட அந்தச் சக ஆசிரியர் கேட்க நினைத்தது இதைத்தான்.

இனி மாங்காட்டு மறையோனிடம் திரும்பலாம். அவன் மூன்று வழிகளைச் சொல்கிறான். நடுவழியில் மயக்கும் தெய்வம் ஒன்று எதிர்ப்படும் என்று எச்சரிக்கவும் செய்கிறான். அவ்வகையில் நம் மேலாளரைவிட எவ்வளவோ நேர்மையானவன். இடப்பக்க வழியை விவரிக்கும்போதுதான் அவன் குரல் உயர்கிறது. திருமாலிருஞ்சோலையில் ஒரு பிலம், அதில் மூன்று பொய்கைகள்: ஒன்றில் நீராடினால் ஐந்திர இலக்கணம் கைவரும், ஒன்றில் பழம்பிறப்பு விளங்கும், மற்றொன்றில் நினைத்தது கிட்டும். தமிழில் நாமறிந்த முதல் விருப்பச் சுற்றுலா இதுவென்று சொன்னால் புலவர்கள் சினக்கக் கூடும். மறையோனுக்கு அதில் தரகு ஏதுமில்லை, அவன் பக்தியால் சொல்கிறான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

நமக்கு வேண்டியது கவுந்தியடிகளின் மறுமொழி. அவர் வெகுளவில்லை, கூசவுமில்லை, நாளை பார்க்கலாம் என்று மழுப்பவுமில்லை. இம்மூன்றும் எங்களுக்கு வேண்டியதில்லை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி, நீ வழிபட விரும்பும் அடிகளை நோக்கி நீ செல், நாங்கள் எங்கள் வழியில் போகிறோம் என்று விடைகொடுக்கிறார். சமண சமயக் கொள்கையின் வெளிப்பாடு என்று இதற்கு உரை சொல்லி வந்திருக்கிறோம், தவறில்லை. இவ்வாண்டு வகுப்பில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கோவலனும் கண்ணகியும் உடனிருக்க, கூட்டத்தில் மூத்தவராக இருந்த ஒருவர், மற்றவர்களுக்காகவும் சேர்த்து 'வேண்டாம்' என்று சொல்கிறார். எங்கள் பேருந்தின் பின் இருக்கையில் அப்படியொருவர் இல்லை. முனைவர் பட்டம் பெற்றவர்கள் மூவர் இருந்தோம்.

அடுத்த மே மாதத்துக்குப் பினாங்கு என்று துறையில் பேச்சு தொடங்கியிருக்கிறது. இம்முறை முகவரிடம் கடைகள் இல்லாத நிரலுக்குத் தனி விலை கேட்டோம். முதலில் அப்படி ஒன்று கிடையாது என்றார். இரண்டு வாரம் கழித்து அனுப்பினார். வேறுபாடு தலைக்கு 8,500 ரூபாய். இரண்டு தாள்களும் ஆசிரியர் அறை மேசைமேல் கிடக்கின்றன. பழைய விலைத்தாளின் கீழே இதுவரை ஐந்து பேர் பெயர் எழுதியிருக்கிறார்கள், புதியதில் இருவர். அலுவலக நண்பர் இவ்வாண்டு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.