கையெழுத்து வாங்கினால் போதுமா?

ஊழலை வெளிக்கொண்டுவரும் பத்திரிகையாளர்களுக்கு இன்று நல்ல கூட்டம் சேர்கிறது. புத்தகத்தை வாங்கி, வரிசையில் நின்று, முதல் பக்கத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறோம். அண்மையில் அப்படி ஒரு வரிசையில் நானும் நின்றேன். முன்னால் நின்றவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "கோட்டாவுல வந்தவன் கையில அதிகாரத்தக் குடுத்தா இப்படித்தான் ஆகும்."

இது ஏதோ ஒருத்தரின் உளறல் இல்லை, தோழர்களே. ஊழல்வாதிகளில் பெரும்பாலோர் பிற்பட்டவர்கள், பட்டியல் சாதியினர், இப்போது பழங்குடிகளும் என்று 2013 ஜனவரியில் ஜெய்ப்பூர் இலக்கிய விழா மேடையிலேயே ஆஷிஸ் நந்தி பேசினார். பிறகு விளக்கம் கொடுத்தார். ஆனால் அந்தப் பொதுப்புத்திக்கு விளக்கமெல்லாம் தேவைப்படுவதில்லை.

வங்கியில் குப்பை கொட்டுகிறவன் நான். தெரிந்த கணக்கையே சொல்கிறேன். பாரத ஸ்டேட் வங்கியில் 500 கோடிக்குக் கணக்கு உதைக்கிறது என்று 1992 ஏப்ரலில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் எழுதினார் சுசேதா தலால். அடுத்த ஆண்டு தேபாசிஸ் பாசுவோடு சேர்ந்து 'தி ஸ்கேம்' நூலையும் கொண்டுவந்தார். விஷயம் இதுதான்: கடன்பத்திரம் எங்களிடம் இருக்கிறது என்று ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு ரசீது தரும். கராட் வங்கியும் மெட்ரோபாலிட்டன் கூட்டுறவு வங்கியும் பத்திரமே இல்லாமல் ரசீது போட்டுக் கொடுத்தன. அந்த வெறுந்தாளுக்கு வந்த பணம் ஹர்ஷத் மேத்தா வழியாகப் பங்குச் சந்தைக்குப் போனது. ஜானகிராமன் குழு கண்ட தொகை 4,000 கோடிக்கு மேல். பங்குச் சந்தையில் எந்தக் கோட்டா இருக்கிறது?

ஒரு சேரிப் பொம்பளை மாட்டுக் கடனுக்கு வங்கிப் படி ஏறினால் சாதிச் சான்று, ரேஷன் கார்டு, ஜாமீன் எல்லாம் வேண்டும். எல்லாம் இருந்தாலும், "அடுத்த வாரம் வாம்மா."

இன்னொரு கணக்கு. 2010 காமன்வெல்த் விளையாட்டு ஊழல் என்றால் எல்லாருக்கும் தெரியும். தலித்துகளுக்கான சிறப்புக்கூறுத் திட்டப் பணத்தை தில்லி அரசு அந்த விளையாட்டுக்குத் திருப்பியது எத்தனை பேருக்குத் தெரியும்? தகவல் உரிமைச் சட்டத்தால் வெளிவந்தது. 678 கோடி என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் மாநிலங்களவையிலேயே ஒப்புக்கொண்டார். யாரும் பூட்டை உடைக்கவில்லை. கோப்பில் கையெழுத்துப் போட்டே எடுத்தார்கள். அதனால் அதற்கு ஊழல் என்று பேர் இல்லை, 'நிதி மாற்றம்' என்று பேர்.

பேர் வைப்பவர் யார்? 1996இல் பி.என்.உனியால் தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடினார். அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேர் கொண்ட பட்டியலைப் புரட்டியும் ஒருவர்கூட அகப்படவில்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்ட்ரியும் ஆராய்ந்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம். தலித், பழங்குடி எவருமில்லை. நம்ம பணம் காணாமல் போனால் அது எப்படித் தலைப்புச் செய்தியாகும்?

சுசேதா தலால் மந்திரம் போடவில்லை. உள்ளிருந்து தகவல் வந்தது, அவருக்குக் கணக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. அந்தப் படிப்பு நமக்கும் வேண்டும். நம் நிதியைக் காக்கத் தமிழ்நாட்டில் 2024இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் தானாக எழுந்து வந்து கணக்குக் கேட்காது. மாணவர்களே, உங்கள் விடுதிச் சாப்பாட்டுக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி ஒரு மனுப் போடுங்கள். அதன் அடியில் உங்கள் கையெழுத்து இருக்கட்டும்.