மீனா, விஷமா?

தூத்துக்குடி பஸ்ஸில் பக்கத்து சீட் ஆசாமி செல்போனைப் பார்த்து 'போன்ஜூர்' என்று முணுமுணுத்தால் பயப்படாதீர்கள். கனடாவுக்குக் கிளம்ப ஒருத்தர் தயாராகிறார், அவ்வளவுதான். எங்கள் தெருவிலேயே மூன்று பேர். ஒருவன் ஷிப்பிங் கம்பெனி கிளார்க். ஒருவன் பேங்க். மூன்றாமவன் 'பாத்துக்கிட்டிருக்கேண்ணே' வகை.

பிரெஞ்சு மேல் திடீர்க் காதல் வரக் காரணம் கணக்கு. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பிரெஞ்சு தெரிந்தால் 50 பாயிண்ட் வரை கூடுதல். 2023-லிருந்து பிரெஞ்சுக்காரர்களுக்கென்றே தனி அழைப்புச் சுற்று வேறு. ப்ளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவனைக் கிண்டல் செய்த கோஷ்டி, இப்போது முப்பது வயதில் அதே மார்க்குக்காக செல்போனும் கையுமாக அலைகிறது.

செல்போனில் இருப்பது ஒரு விளையாட்டு. நாலு படம் வரும். ஆப்பிள், பூனை, கப்பல், மீன். ஒரு பெண் குரல் 'லா போம்' என்று கொஞ்சும். ஆப்பிளைத் தொட்டால் 'டிங்!' என்று ஒரு சத்தம், கொஞ்சம் பாயிண்ட். தப்பாகத் தொட்டால் செல்லமாக ஒரு 'ப்ச்'. வாத்தியாரிடம் பிரம்படி வாங்கிப் படித்தவர்களுக்கு இது சொர்க்கம்.

படம் காட்டி பாஷை சொல்லிக் கொடுப்பது பழைய வித்தைதான். இன்றைய செக் நாட்டில் பிறந்த கொமேனியஸ் என்ற வாத்தியார் 1658-லேயே படப் புத்தகம் போட்டு லத்தீன் வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தார். 1990-களில் ரொசெட்டா ஸ்டோன் அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. 2012-ல் டியோலிங்கோ வந்து பாயிண்ட்டும் பதக்கமும் சேர்த்துக்கொண்டது.

நம் முத்துக்குளித்துறைக்கு இது அதைவிடப் பழசு. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர்கள் வந்து இறங்கினார்கள். மேசை, சாவி, ஜன்னல், அலமாரி, பீப்பாய், கோப்பை... எல்லாம் அவர்கள் விட்டுப்போன சரக்கு. லிஸ்ட்டை இன்னொரு தடவை படியுங்கள். எல்லாமே விரல் நீட்டிக் காட்டக்கூடிய, படம் போடக்கூடிய சாமான்கள். நானூறு வருஷத்துக்கு மேலாகியும் நமக்கு மறக்கவில்லை. ஆகவே படம் காட்டிப் பெயர் சொன்னால் மனசில் ஒட்டும் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் ஓடு, சாப்பிடு, நாளைக்கு வா, கடன் கிடையாது... இதில் எதையும் நாம் அவர்களிடம் வாங்கவில்லை. நாமும் போர்த்துக்கீசியம் பேசவில்லை. பெயர்ச்சொல் வேறு, பாஷை வேறு.

பாஷையையே பிடித்தவர் ஒருவர் உண்டு. 1540-களில் இந்தக் கரைக்கு வந்த அன்றீக் அடிகளார். ஜனங்களோடு பேசிப் பழகி, தமிழ் வினைச்சொல் எப்படியெல்லாம் மாறுகிறது என்று இலக்கணமே எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழில் தந்த புத்தகம். அவருக்கு யாரும் நாலு படம் காட்டி ஒன்றைத் தொடச் சொல்லவில்லை.

நாலு படத்தில் இருக்கும் சூட்சுமத்தை பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் 25 சதவீதம் கிடைக்கும். மூன்று தெரிந்தால் நாலாவது இலவசம். பார்த்து அடையாளம் காண்பது ஒரு வேலை, வெறும் வாயில் வரவழைப்பது வேறு வேலை.

ஷிப்பிங் தம்பியைக் கேட்டேன்.

"மீனுக்கு என்னல?"

"புவாஸோன்ணே."

"விஷத்துக்கு?"

போனைத் தட்டினான். முகம் மாறியது. "அதுவும் புவாஸோன்னுதாம்ணே கேக்குது!"

எழுத்தில் ஒரே ஒரு 'எஸ்' வித்தியாசம். இரண்டு எஸ் போட்டால் மீன், பாம்பு சீறுகிற மாதிரிச் சத்தம் வரும். ஒற்றை எஸ் போட்டால் விஷம், வண்டு ரீங்கரிக்கிற மாதிரி. மீன் படத்தை ஆயிரம் தடவை தொட்டாலும் காதுக்கு இந்த வித்தியாசம் ஏறாது. நம்மைப் போல் தினம் மீன் சாப்பிடுகிற ஊர்க்காரன் பிரெஞ்சு ஓட்டலில் என்ன ஆர்டர் செய்வான் என்று யோசியுங்கள்.

இன்னொன்று, ஆண்பால் பெண்பால். கடல் பெண், முத்து பெண், துறைமுகம் ஆண். (துறைமுகத்துக்கு உச்சரிப்பு 'போர்'. கடைசி எழுத்தை முழுங்கிவிடுவார்கள்.) மேசையின் படத்தைப் பார்த்து அது பெண் என்று யார் கண்டுபிடிப்பது? எண்கள் இன்னும் மோசம். 80 என்பது 'நாலு இருபது'. 99 என்றால் 'நாலு இருபது, பத்து, ஒன்பது'. மளிகைக் கடை அண்ணாச்சிகூட பில் போடத் திணறுவார். இதற்கெல்லாம் படம் கிடையாது.

கனடா கேட்கும் பரீட்சையில் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது நாலிலும் தேற வேண்டும். பேச்சுத் தேர்வில் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். அவரைத் தொட்டால் 'டிங்' வராது.

அதற்காக விளையாட்டைத் தூக்கிப் போட வேண்டாம். படத்தை உள்ளங்கையால் மூடி, வார்த்தையை முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் தொடுங்கள். 'லா'வா 'ல'வா என்பதையும் சேர்த்தே மனப்பாடம் பண்ணுங்கள். ஒரு பெயர்ச்சொல் கற்றால் ஒரு வினைச்சொல்லும் சேர்த்து ஒரு வாக்கியம் பேசிவிடுங்கள். கேட்க ஆள் இல்லையென்றால் கண்ணாடி இருக்கிறது.

தம்பியிடம் இதைச் சொன்னதும் வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் சீட்டு எழுதி ஒட்டிவிட்டான். அவன் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"உப்பு ஆம்பளையாம்ல? இவன் சொல்லுதான்."

"ஆமாக்கா. 'ல செல்'."

"சர்க்கரை?"

"'ல சுக்ர்'. அதுவும் ஆம்பளதான்."

"அப்ப இந்த அடுப்படியில பொம்பள நான் மட்டுந்தானா?"

"இல்லம்மா," என்றான் தம்பி. "அடுப்படியே பொம்பளதான். 'லா குய்ஸீன்'."

"அத உங்கப்பாகிட்ட சொல்லு. ஆம்பள உப்பு, ஆம்பள சர்க்கரை எல்லாம் உள்ள நிக்கு, அவுக மட்டும் எட்டிப் பாக்க மாட்டாகன்னு!"

போன வாரம் பார்த்தபோது அந்த மூன்று வார்த்தையும் அக்கா தெளிவாகச் சொன்னார்கள். ஒரு படமும் பார்க்காமல். தம்பி இப்போது அம்மாவோடு தினம் அரைமணி நேரம் பிரெஞ்சில் சண்டை போடப் பழகுகிறான். அநேகமாக அக்காவுக்குத்தான் முதலில் விசா வரும்.