உங்க கேங்க்ல 'தாத்தா' யாரு?



கிளாஸ் கட் அடிச்சுட்டு சினிமாவுக்குப் போக ஒன்பது பேர் ரெடி. பத்தாவது ஆள் மட்டும், "அட்டெண்டன்ஸ் 75-க்குக் கீழ போனா எக்ஸாம் எழுத விடமாட்டாங்கடா" என்பான். டூர் போனா எல்லாரோட டிக்கெட்டும் அவன் பையில. யாருக்காவது ஜுரம்னா மாத்திரையும் அவன்கிட்டதான். மீசையே ஒழுங்கா முளைச்சிருக்காது, ஆனா பேரு 'தாத்தா'. பொண்ணுங்க கேங்க்ல இதே ஆளுக்கு 'பாட்டி'னு பேரு.

இங்கிலீஷ்ல இதை 'ஓல்டு சோல்'னு ஸ்டைலா சொல்றாங்க. நம்ம ஊர்ல நல்ல மூடுல இருந்தா 'பெரிய மனுஷன்', கடுப்புல இருந்தா 'பிஞ்சுல பழுத்தது'. லேட்டஸ்ட் வெர்ஷன், 'பூமர்'!

இதுல ரெண்டு ரகம் இருக்கு பாஸ். முதல் ரகம் ரசனை கேஸ். ரேடியோவுல பழைய பாட்டு கேக்கிறது, காலேஜ் டேவுக்கு வேட்டி கட்டிட்டு வர்றது, டீக்கடைப் பெருசுங்களோட அரசியல் பேசுறது. இவங்களைப் பத்திக் கவலையே வேணாம். எங்க கடலூரையே எடுத்துக்குங்க. முதுநகரும் உண்டு, புதுநகரும் உண்டு. ஒரே ஊருக்குள்ள ரெண்டும் இருக்கலாம்னா, ஒரே ஆளுக்குள்ள இருக்கக் கூடாதா என்ன?

ரெண்டாவது ரகம்தான் மேட்டர். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன், பேரு வேணாம், முதுநகர் பக்கம். விடியக்காலைல துறைமுகத்துல அம்மா ஏலம் எடுத்த மீன் கூடையைத் தூக்கிக் குடுத்துட்டு, குளிச்சு, பஸ் பிடிச்சு சிதம்பரத்துக்கு காலேஜ் வர்றவன். தங்கச்சிக்கு ஸ்கூல் ஃபீஸ் எப்போ கட்டணும், வீட்டு கேஸ் எத்தனை நாளைக்கு வரும், எல்லாம் அவன் தலைக்குள்ள ஓடும். அவனும் கிளாஸுக்கு 'தாத்தா'தான். ஒரு நாள் கேன்டீன்ல சாதாரணமா சொன்னான்: "எனக்குச் சின்னப் பையனா இருக்கத் தெரியலைடா. பழகவே இல்ல."

இப்படி நிறைய பேர் இருக்காங்க, அதுவும் எங்க மாவட்டத்துல. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் எல்லாம் வந்துட்டுப் போன ஊரு இது. தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலா மரத்தையும் முந்திரியையும் கூட்டம் கூட்டமா சாய்ச்சுட்டுப் போச்சு. புதுசா வெச்ச கன்னு மரமாகி, காய்ச்சு, காசு தர்றதுக்கு வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் வீட்டுல அடுப்பு எரியணுமே? அப்போ சில வீட்டுல மூத்த பிள்ளைக்கு ஒரே ராத்திரியில வயசு ஏறிடும். அந்தப் பிள்ளையைப் பார்த்து ஊரே, "எவ்ளோ பொறுப்பு பாரு!" என்று மெச்சும். உனக்குக் கஷ்டமா இருக்கான்னு மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க.

எழுத்தாளர் ஜெயகாந்தன் எங்க ஊர்க்காரர். 1934-ல கடலூர் மஞ்சக்குப்பத்துல பிறந்தவர். பள்ளிப் படிப்பு அஞ்சாம் கிளாஸோட சரி. 12 வயசுல, 1946-ல, சென்னையில கம்யூனிஸ்ட் கட்சி ஆபீஸ்ல போய்த் தங்கினார். அச்சகத்துல வேலை பார்த்தார், தெருவுல பத்திரிகை வித்தார். சுத்தி இருந்ததெல்லாம் பெரியவங்க. நாம கூட இருந்திருந்தா கண்டிப்பா 'தாத்தா'னுதான் கூப்பிட்டிருப்போம். ஆனா அந்தப் பெரியவங்க அவரை வேலை வாங்கினதோட விடலை. படிக்கத் தூண்டினாங்க, எழுதத் தூண்டினாங்க. அதே பையன்தான் பின்னாடி 2002-ம் வருஷ ஞானபீட விருது வாங்கினார். அவரோட திறமை அவருடையது. ஆனா சாய்ஞ்சுக்க ஒரு தோள் அங்கே இருந்துச்சு.

இன்னும் பழைய கதை ஒண்ணு. சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்துல அரங்கேறினதா சொல்வாங்களே, சேக்கிழாரோட பெரிய புராணம், அதுல வர்றது. பக்தி இருக்கோ இல்லையோ, கதையைக் கேளுங்க. சிதம்பரத்துக்குப் பக்கத்துல இருக்கிற சீர்காழியில மூணு வயசுப் பிள்ளை பாட்டுப் பாடுது, ஊரே கும்பிடுது. அவர்தான் ஞானசம்பந்தர். தமிழ்நாட்டோட ஆதி 'ஓல்டு சோல்'னே சொல்லலாம். இன்னொரு பக்கம் பண்ருட்டிக்குப் பக்கத்துல திருவாமூர்ல பிறந்த திருநாவுக்கரசர், வயசான மனுஷர். ரெண்டு பேரும் சந்திச்சப்போ, ஊரே கும்பிட்ட அந்தப் பிள்ளை இந்தப் பெரியவரைப் பார்த்து 'அப்பரே' என்று கூப்பிட்டாராம். நாவுக்கரசருக்கு 'அப்பர்'ங்கிற பேரு வந்ததே அப்படித்தான். பின்னாடி திருப்பூந்துருத்தியில யாருக்கும் தெரியாம கூட்டத்தோட கூட்டமா நின்னு பிள்ளையோட பல்லக்கைத் தூக்கினார் அப்பர். "அப்பர் எங்கே?"ன்னு பிள்ளை கேட்டதும், "இங்கேதான் இருக்கேன்"னு கீழே இருந்து குரல் வருது. பதறிப் போய் இறங்கிட்டாராம் சம்பந்தர்.

எனக்கு அந்தப் பாட்டைவிட அந்தக் கூப்பாடுதான் பிடிச்சிருக்கு. உலகமே ஞானின்னு சொன்ன பிள்ளைக்குக்கூட 'அப்பா'ன்னு கூப்பிட ஒருத்தர் வேண்டியிருந்துச்சு. அப்படின்னா, செமஸ்டர் ஃபீஸுக்கும் வீட்டு வாடகைக்கும் நடுவுல ஓடுற நம்ம 'தாத்தா'வுக்கு வேண்டாமா?

அதனால மக்களே, கிண்டல் பண்ணுங்க, தப்பே இல்லை. ஆனா அடுத்த டூருக்கு டிக்கெட்டை நீங்க வெச்சுக்கிட்டு, அவனை ஜன்னல் சீட்ல உட்கார வைங்க. அவன்கிட்ட உங்க காதல் பஞ்சாயத்தைக் கொட்டி முடிச்சதும், "நீ எப்படிடா இருக்கே?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. "நல்லாத்தான் இருக்கேன்"னுதான் சொல்வான். விடாம ரெண்டாவது தடவையும் கேளுங்க.

தாத்தாக்களே, பாட்டிகளே, உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும். பொறுப்பா இருக்கிறது பெருமைதான், ஆனா அதுக்காக எல்லாத்தையும் தனியாத் தூக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. சீனியர் அக்காவோ, டிபார்ட்மென்ட் சாரோ, மாமாவோ, பக்கத்து வீட்டு ஆயாவோ, யாராவது ஒருத்தரை உங்க 'அப்பரா' பிடிச்சு வெச்சுக்குங்க. முடியலைன்னா முடியலைன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. இருபது வயசுல அப்படிச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு பாஸ்!