சட்டைக்கா வேலை?

"சாதாரண உடையில் வந்தால் போதும்" என்கிறது அழைப்பு. கோவையிலே கணினித் தொழில் நடத்தும் நிறுவனங்கள் பலவற்றில் இன்று இதுதான் பேச்சு. கோட்டு வேண்டாம், கழுத்துப்பட்டை வேண்டாம், பளபளக்கும் காலணி வேண்டாம். திறமை ஒன்றையே பார்ப்போம் என்று அதற்குப் பொருள் சொல்லப்படுகிறது. பகட்டு ஒழிந்தது, சமத்துவம் பிறந்தது என்று மகிழ வேண்டியதுதானே? மகிழலாம், நண்பர்களே! ஆனால், அந்த ஒரு வரி உடுமலைப்பேட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் நுழையும்போது என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிட்டு மகிழலாம்.

நூற்பாலையில் இரவு முறை பார்க்கும் தாய். தென்னந்தோப்பிலே கூலிக்குத் தேங்காய் உரிக்கும் தந்தை. அந்த வீட்டிலே முதன்முதலாகப் பட்டம் பெற்ற பிள்ளை. "முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போ, கண்ணு" என்கிறார் தந்தை. "அங்கே எல்லோரும் பனியனில்தான் இருப்பார்கள், சட்டையோடு போனால் சிரிப்பார்கள்" என்கிறான் முன்பே போய்வந்த நண்பன். "கோட்டு இல்லாமல் போகாதே" என்று கல்லூரியிலே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெண்ணாயின் தொல்லை இரட்டிப்பு! சேலை கட்டினால் பட்டிக்காடு என்பார்களோ? ஜீன்ஸ் அணிந்தால் பேருந்து நிலையம் வரையில் ஊர் வாயை மூட முடியுமோ? துப்பட்டா வேண்டுமா, வேண்டாமா? சாதாரணம் என்று எழுதியவருக்கு அது சாதாரணம். படிப்பவருக்கோ அது விடுகதை!

நாம் ஆசிரியர்கள். நம்மிடம் பயிலும் பிள்ளைகளின் அண்ணன்மாரும் அக்காள்மாரும் நம்மைத் தேடிவருகிறார்கள். "என்ன படித்துக்கொண்டு போகவேண்டும்?" என்று கேட்டால் களிப்படைவோம். "என்ன உடுத்திக்கொண்டு போகவேண்டும்?" என்றல்லவா கேட்கிறார்கள்! பதினைந்து, பதினாறு ஆண்டுக் கல்வி, கடைசியில் ஒரு சட்டைக்கு முன்னால் வந்து நடுங்கி நிற்கிறது. இந்த நடுக்கத்தை அற்பம் என்று தள்ளுவோர் நாட்டின் வரலாற்றைப் படிக்காதவர்.

உடை இந்த மண்ணில் என்றுமே வெறும் துணியாக இருந்ததில்லை. யார் மேல், யார் கீழ் என்று எழுதிக் காட்டும் பலகையாக இருந்தது. தென் திருவிதாங்கூரிலே மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் குலப் பெண்கள் பல்லாண்டு போராடினர். 1859 ஜூலையில் மன்னர் அரசு இணங்கியது. எப்படி இணங்கியது? மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது என்று! 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்திலே ஆதிக்கச் சாதியார் சிலர் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தடைகள் விதித்தனர்: ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி அணியலாகாது, பெண்கள் மேலாடை அணியலாகாது. பல ஊர்களிலே, எதிரில் ஆண்டை வந்தால் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டியிருந்தது. துண்டு இறங்கியதா? இல்லை, மனிதன் இறக்கப்பட்டான்!

அதெல்லாம் பழங்கதை என்பீரேல், 2014 ஜூலையை நினைவூட்டுகிறோம். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் நூல் வெளியீட்டு விழா ஒன்றுக்காகத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்துக்குச் சென்றார். வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக வாயிலிலேயே தடுக்கப்பட்டார். வெள்ளையன் வெளியேறி 67 ஆண்டு ஆகியும் அவன் வகுத்த உடை விதி வெளியேறவில்லை! தமிழகம் கொதித்தது; அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டிக்குத் தடை விதிக்கும் மன்றத்தின் உரிமம் பறிபோகும் என்றது சட்டம். நல்ல சட்டம், வாயிலைத் திறந்த சட்டம். ஆனால், வாயிலுக்குள்ளே மேசைக்குப் பின்னால் அமர்ந்து எடைபோடும் கண்களை எந்தச் சட்டம் திறக்கும்?

அந்தக் கண்கள் எப்படி எடைபோடுகின்றன என்பதை அறிவியல் காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே முகத்தைச் சற்றே வசதியான உடையிலும் சற்றே எளிய உடையிலும் மக்களுக்குக் காட்டினார்கள். வசதியான உடையில் தெரிந்த முகமே திறமை மிக்கதாகத் தீர்ப்பாயிற்று. ஒரு நொடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டுமே காட்டியபோதும் அதே தீர்ப்பு. "உடையைப் பார்க்காதீர்" என்று சொல்லிப் பார்த்தார்கள். சரியாகக் கணித்தால் பணம் தருவதாகவும் சொன்னார்கள். சாய்வு மறையவில்லை! "நாங்கள் உடையையா பார்க்கிறோம்?" என்று சிரிக்கும் மேலாளர் பொய் சொல்லவில்லை, தாம் பார்ப்பது அவருக்கே தெரிவதில்லை.

அப்படியானால் எளிய உடையை எல்லோருக்கும் பொதுவாக்கியது நன்மைதானே என்று கேட்கலாம். கேட்பவருக்கு 2014-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வைக் காட்டுகிறோம். இத்தாலியின் மிலான் நகரத்து ஆடம்பரக் கடைகளின் பணியாளர்கள், உடற்பயிற்சி உடையில் வரும் பெண்ணை, விலையுயர்ந்த மேலங்கியில் வரும் பெண்ணைவிடப் பெரும் புள்ளியாக மதித்தார்கள். 'இப்படி வரத் துணிகிறாள் என்றால் செல்வச் சீமாட்டியாகத்தான் இருப்பாள்' என்பது கணக்கு! எளிமை யாருக்குப் பெருமை தருகிறது? ஏற்கெனவே பெருமை உடையவனுக்கு. செல்வனின் கசங்கிய சட்டை அலட்சிய அழகு. ஏழையின் கசங்கிய சட்டை ஏழ்மை. உடுமலையிலிருந்து பொள்ளாச்சி வழியாகப் பேருந்தில் நின்றுகொண்டே வந்தவனுக்கும், கோவை நகரிலே காரில் வந்து இறங்குபவனுக்கும் சட்டையின் மடிப்பு ஒன்றாகவா இருக்கும்?

முகநூல் அதிபர் மார்க் சக்கர்பெர்க்கின் சாம்பல் நிறப் பனியன் உலகப் புகழ் பெற்றது. 2018 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றம் அவரைக் கேள்வி கேட்க அழைத்தது. என்ன உடுத்திப் போனார்? கோட்டும் கழுத்துப்பட்டையும்! கேள்வி கேட்கும் இடத்தில் பனியன். கேள்விக்கு ஆளாகும் இடத்தில் கோட்டு. கோடிக்கணக்கில் குவித்தவருக்கே அந்தத் தயக்கம் என்றால், முதல் ஊதியத்தையே காணாத பிள்ளைக்கு எவ்வளவு இருக்கும்! சோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு வேட்டியோடு காட்சி தருகிறார், போற்றுகிறோம். அதே வேட்டியோடு வேலை கேட்டுப் போகிறவனையும் அதே கண்ணால் பார்க்கும் நாளே சமத்துவ நாள் என்கிறோம்.

இதிலே கொடுமைக்குக் கொடுமை ஒன்றுண்டு. உடுமலை, 2009 முதல் திருப்பூர் மாவட்டத்து ஊர். உலகம் அணியும் பனியன் தைக்கப்படுவது அந்தத் திருப்பூரிலே! வெட்டியவர், தைத்தவர், மடித்துப் பெட்டியில் அடுக்கியவர் நம் வீட்டார். தாய் தைத்த பனியனைக் கடல் கடந்த நாட்டான் அணிந்து அலுவலகம் போகிறான். அதே பனியனை அணிய மகன் அஞ்சுகிறான். உழைத்தவன் கையில் ஊசி, உடுத்துபவன் உடலில் உரிமை! இந்த நிலையை இயல்பு என்று ஏற்பதா?

நேர்த்தியாக உடுத்துவது ஒழுக்கமல்லவா என்பார் சிலர். ஒழுக்கந்தான். துவைத்தது, தைத்தது, உடலுக்குப் பொருந்துவது — இந்த மூன்றும் ஒழுக்கம். அதற்கு மேல் கேட்பது ஒழுக்கமல்ல, பணம்.

ஆகவே, நம் தம்பி தங்கையருக்குச் சொல்கிறோம்: கடன் வாங்கிக் கோட்டு வாங்காதீர், சித்திரை வெயிலில் அது உங்களை வேக வைக்குமே தவிர உயர்த்தாது. ஏற்கெனவே அணிந்து பழகிய, தூய, வெளிர்நிறச் சட்டை, கால்சட்டை, பெண்களுக்குக் கைக்குப் பழகிய சுடிதாரோ சேலையோ — உட்கார, நடக்க, பேச இடைஞ்சல் தராத எதுவும் போதும். மடித்து எடுத்துச்சென்று அங்கே போய் மாற்றிக்கொள்வதிலும் இழிவில்லை. ஐயமிருந்தால் நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள், கேட்பது அறிவு. அங்கே மற்றவர் பனியனில் இருந்தால், "நாம் தவறிவிட்டோம்" என்று குன்றாதீர். நீங்கள் போனது துணிக்கடைக்கு அல்ல.

நிறுவனத்தாருக்கும் சொல்கிறோம்: 'சாதாரண உடை' என்ற விடுகதையை விடுங்கள். சட்டையா, பனியனா, சேலையா, எதுவும் ஏற்கப்படும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். விடைக்கு மதிப்பெண் இடுங்கள். தோற்றத்துக்கு ஒரு கட்டம்கூடத் தாளில் வைக்காதீர். 'நம் சூழலுக்குப் பொருந்தமாட்டான்' என்று ஒருவனைத் தள்ளினால், எதிலே பொருந்தவில்லை என்று எழுத்தில் காட்டுங்கள். கல்லூரிகளே, கோட்டுக்காக மாணவரிடம் பணம் வசூலிப்பதை நிறுத்துங்கள்!

தோளில் துண்டு போடும் உரிமைக்கு நம் பாட்டன்மார் போராடினார்கள். அவர்கள் கேட்டது துண்டையா? தலை நிமிர்ந்து நிற்கும் உரிமையை! பேரப்பிள்ளைகள் பட்டத்தைக் கையில் ஏந்தி வாயிலில் நிற்கிறார்கள். அவர்கள் விடையைக் கேளுங்கள், சட்டையை விடுங்கள்!