சிறு பீடியும் பெருங்கேடும்

புகையிலை தமிழ்நாட்டில் தோன்றிய பயிரன்று. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட அச்செடியை இந்தியாவிற்குக் கொணர்ந்தவர் போர்ச்சுகீசியர். நாளடைவில் அது சுருட்டாகவும் பீடியாகவும் சிகரெட்டாகவும் மக்கள் கையில் இடம்பெற்றது.

வண்டி ஓட்டுபவரும் மூட்டை சுமப்பவரும் உழைப்பின் இடையே பீடி புகைத்து இளைப்பாறுவதைக் காணலாம். ‘சிகரெட்டுத்தான் தீது, இலையில் சுற்றிய இச்சிறு பீடியால் என்ன கேடு விளைந்துவிடும்?’ என்று அவருள் பலர் எண்ணுவர். அளவிற் சிறியது தீமையிலும் சிறியது என்று கொள்வது பிழை. பீடியைச் சுற்றிய இலை காற்றை எளிதில் உள்ளே விடுவதில்லை. ஆதலால், தீ அணையாதிருக்க அதனை அடிக்கடி இழுத்தல் வேண்டும். இழுக்குந்தோறும் நிக்கோட்டினும், தார் என்னும் கரும்பிசுக்கும், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் நுரையீரலைச் சேர்கின்றன.

புகையினால் புற்றுநோய் வரும் என்பதைப் பலரும் அறிவர். அது காசநோய்க்கும் துணைநிற்கும் என்பதை அறிந்தவர் சிலரே. காசநோய்க் கிருமி பலர் உடலில் நோய் செய்யாது அடங்கிக் கிடக்கும். அதனை அடக்கி வைப்பவை உடலின் காவல் அணுக்கள். புகை அவ்வணுக்களை நலிவிக்கிறது. மூச்சுக்குழலிலுள்ள தூசியை வெளியே தள்ளும் நுண்மயிர்களையும் செயலிழக்கச் செய்கிறது. காவலர் சோர்ந்த கோட்டையில் பகைவர் புகுவது அரிதோ?

இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியது தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வாகும். சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் இறந்த ஆடவர் ஏறத்தாழ 43,000 பேரின் குடும்பத்தாரை ஆய்வாளர் கண்டு விசாரித்தனர். உயிரோடிருந்த ஆடவர் 35,000 பேரோடு ஒப்பிட்டும் நோக்கினர். முடிவு 2003-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இருபத்தைந்து முதல் அறுபத்தொன்பது வயதுக்குட்பட்டவருள், புகைத்தவர் காசநோயால் இறந்த அளவு, புகையாதவர் இறந்த அளவினும் நான்கு மடங்குக்கு மேற்பட்டிருந்தது. நகரிலும் சிற்றூரிலும் இந்நிலை ஏறத்தாழ ஒன்றாகவே காணப்பட்டது.

‘என் பொருள், என் உடல், பிறர்க்கு இதனால் என்ன?’ என வினவுவாரும் உளர். அவர் விடும் புகையை அருகிலிருக்கும் குழந்தையும் உட்கொள்கிறது. அவர் இருமினால் கிருமி வீட்டாருக்கும் பரவுகிறது. அவர் மறைந்தால், குடும்பம் தன்னைத் தாங்கிய தூணை இழக்கிறது. ஒருவர் பழக்கம் ஒருவரோடு நிற்பதில்லை.

பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குப் புகையிலைப் பொருள்களை விற்றலை 2003-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. பொது இடங்களிற் புகைத்தலுக்கான தடை விதிகள் 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் நாடெங்கும் கடுமையாக்கப்பட்டன. எனினும், சட்டம் தெருவிலே நிற்கும். வீட்டுத் திண்ணையில் வந்து அமராது. அங்கே காவல் செய்ய வேண்டியது அறிவும் அன்புமேயாம். பழக்கத்திற்கு ஆட்பட்டவரை இகழ்தல் பயன் தராது. விடுவதற்கு உதவுதலே பயன் தரும். தொடங்காதிருத்தலோ எல்லாவற்றினும் எளிது. முதற் பீடியை மறுக்கும் இளைஞன் தன்னை மட்டுமன்றித் தன் குடும்பத்தையும் காக்கிறான்.